வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில், உள்ளூர் விவசாயிகளிடம் வாங்கும் பருவக் காய்களை வைத்தே தினமும் சமைக்க முடியுமா?

முடியும். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் முறையில் முடியாது. நீங்கள் எழுதியிருப்பதுபோல் வாரம் முழுவதற்கும் என்ன சமைப்பது என்று முதலில் பட்டியல் போட்டுவிட்டு, அந்தக் காய்களைத் தேடிக்கொண்டு சந்தைக்குப் போனால் பாதி கிடைக்காது, எரிச்சல்தான் மிஞ்சும். நீங்களும் காலையில் டிபன், மதியத்துக்கு டப்பா, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பல் போன பெரியவர்கள் என்று அல்லாடுகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அலுவலக வேலை. காய் வாங்குவது மகாராஜநகர் உழவர் சந்தையில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அடையாள அட்டை வாங்கிய விவசாயி தரகு கொடுக்காமல் நேரடியாக விற்கலாம். அன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவார்கள். 2001-ல் ஆட்சி மாறியதும் இவை கவனிப்பாரற்றுப் போய், 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. இதில் கட்சி பேச வராதீர்கள். எனக்கு வேண்டியது கத்தரிக்காய்.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்கு என் மதினிதான் காரணம், கணவரின் அக்கா. சென்னையில் இருக்கிறார். மே விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்திருந்தபோது, காலிஃப்ளவர் வறுவலும் பீன்ஸ் பொரியலும் செய்யலாமே என்றார். சந்தையில் அதெல்லாம் இல்லை, கிடைத்ததை வாங்கி வந்தேன் என்றேன். அத்தை, மாமா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் இருக்கும்போது மதினி சிரித்துக்கொண்டே, “இவள் வீட்டில் என்ன சமையல் என்பதைச் சந்தைக்காரன்தான் முடிவு செய்கிறான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் உங்கள் கேள்விக்கு அதைவிடச் சரியான பதில் கிடையாது. ஆமாம், சந்தைக்காரன்தான் முடிவு செய்கிறான். மே மாதத்தில் நெல்லை வெயிலில் எந்த வயலில் காலிஃப்ளவர் விளையும்?

அன்றைக்குப் பையில் இருந்தவை நான்கு கத்தரிக்காய், இரண்டு முருங்கைக்காய், ஒரு கைப்பிடி சீனியவரைக்காய் (கொத்தவரங்காய் என்பீர்கள்), ஒரு வாழைக்காய், புளிப்பான ஒரு மாங்காய். எதை எடுத்தாலும் எட்டுப் பேருக்குப் பொரியலாகாது. இதற்காகவே எங்கள் பக்கத்தில் கூட்டாஞ்சோறு இருக்கிறது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும் அரிசியைப் போட்டு, அரிசி பாதி வெந்ததும் காய்களைப் போட வேண்டும். கத்தரியையும் மாங்காயையும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கரைந்துவிடும். தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், மஞ்சள் ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்து, கொஞ்சம் புளித்தண்ணீரோடு ஊற்றிக் கிளறி, ஒரு கை முருங்கைக்கீரையைத் தூவி, வடகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. தொட்டுக்கொள்ள அப்பளம். மதினி சாப்பிட்டுவிட்டு உப்பு கொஞ்சம் குறைவு என்றார். குறைவாகத்தான் இருந்தது.

முருங்கைக்கீரை என்றதும் வயிறு எரிகிறது. எங்கள் குடியிருப்பின் சுற்றுச்சுவர் ஓரம் நல்ல முருங்கை மரம் ஒன்று நின்றது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வருகிறது, கார் மேல் விழுகிறது என்று சங்கத்தில் கூடிப் பேசி அடியோடு வெட்டிவிட்டார்கள். வேப்பெண்ணெய் கரைசல் அடிக்கலாம், கிளையைக் கழிக்கலாம் என்றேன், யார் கேட்டார்கள்? இப்போது அங்கே அலங்காரப் பனை என்று எதையோ தொட்டியில் வைத்திருக்கிறார்கள். பனங்காடு சூழ்ந்த ஊரில், காய்க்காத பனைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள், அதற்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம்! சரி, விடுங்கள்.

காய் வாங்குவதைப் பற்றி. நான் வழக்கமாக வாங்கும் விவசாயி அம்மா, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பவர்களைக் கண்டால் விடமாட்டார். “ஒடித்துப் போட்டுவிட்டுப் போனால், அதை யார் தலையில் கட்டுவது தாயி?” என்பார். காம்பைப் பார்க்கச் சொல்வார். வெட்டிய இடம் ஈரமும் வெளுப்புமாக இருந்தால் அன்று காலையில் பறித்தது. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் பழையது. கத்தரிக்காய்க்கும் இதே கணக்குதான்.

ஆடியில் ஊன்றியதெல்லாம் மார்கழி, தையில் வந்து குவியும்: அவரை, பச்சை மொச்சை, சிறுகிழங்கு. சிறுகிழங்கைக் கத்தியால் சீவ உட்கார்ந்தால் அலுவலகத்துக்கு விடுப்புதான் போட வேண்டும். ஊறவைத்துச் சாக்கில் கட்டித் தரையில் நாலு அடி அடித்துத் தேய்த்தால் மண்ணும் தோலும் கழன்றுவிடும். மிச்சத்தை மட்டும் சுரண்டினால் போதும். விரலில் கறை பிடிக்கும், புளித்தண்ணீரில் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை அழுகிப்போகும், தக்காளி விலை ஏறும். அப்போதுதான் வெயில் காலத்தில் காயவைத்த சீனியவரை வற்றலும் சுண்டவற்றலும் புளிக்குழம்பில் இறங்கும். ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்பே ஆச்சிமார் கண்ட வழி.

“உங்களுக்கு நேரம் இருக்கிறது, செய்கிறீர்கள்” என்று ஒருவர் வருவார் என்று தெரியும். இல்லை அம்மா. கீரை ஆய்வது அத்தை, தேங்காய் துருவுவது கணவர். தனியாக இருந்தால் நானும் இவ்வளவு செய்திருக்க மாட்டேன். இன்னொருவர், “அது மட்டும் மருந்தடிக்காத காயா?” என்பார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. உழவர் சந்தை என்றால் இயற்கை விவசாயம் என்று பொருளில்லை, அடிக்கிறவர்களும் உண்டு. உப்புத் தண்ணீரில் அலசித்தான் எடுக்கிறேன். நான் சொல்வது, பறித்த அன்றே அடுப்பேறும் காயின் ருசியை மட்டும்தான்.

பிள்ளைகள் சாப்பிடுவார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சின்னவள் எதையும் சாப்பிடுவாள். பெரியவன் சுரைக்காயை இன்றுவரை தொடுவதில்லை. சுரைக்காய்க் கூட்டு வைக்கும் நாளில் அவனுக்கு மட்டும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். உருளைக்கிழங்கு தாமிரபரணிக் கரையில் விளைவதில்லை என்பது எனக்கும் தெரியும். அதைச் சொல்ல யாரும் பின்னூட்டத்துக்கு வர வேண்டாம்.