மீன் இரண்டு மடங்கு ஆகிவிட்டதா?

கேள்வி: தூத்துக்குடியை ஒட்டிய தீவுகளின் பவளப்பாறைகளில் எங்கள் கல்லூரிக் குழு முக்குளித்து மீன் கணக்கெடுக்கிறது. 50 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள பட்டைக்குள் தென்படும் மீன்களை எண்ணி, நீளத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, எடையைக் கணக்கிடுகிறோம். போன வருடத்துக் குழு படிப்பு முடித்துப் போய்விட்டது. இந்த வருடம் எல்லாரும் புதியவர்கள். மொத்த எடை இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. மீன்வளம் பெருகியிருக்கிறது என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே சந்தேகத்துக்கான காரணமும் இருக்கிறது: ஆட்கள் மாறியிருக்கிறார்கள்.

முகக்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது நீருக்குள் எல்லாமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 30 செ.மீ. களவா மீன் 40 செ.மீ. போலிருக்கும். பழகியவர்கள் தம்மை அறியாமலே மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள். புதியவர்கள் கண்ணில் பட்டதை அப்படியே எழுதுவார்கள். மீனின் எடையோ நீளத்தின் கனத்தை (மூன்றாம் படியை) ஒட்டி ஏறுகிறது. 40-ஐ 30-ஆல் வகுத்துக் கனம் எடுத்தால் சுமார் 2.4. ஒரு மீன்கூடக் கூடாமலே உங்கள் இரண்டு மடங்கு வந்துவிட்டது! எல்லாரும் முழு அளவுக்குத் தவறியிருப்பார்கள் என்று சொல்லவில்லை. 10 சதவீதம் கூட்டிச் சொன்னாலே எடை 33 சதவீதம் எகிறும்.

இதற்கு மருந்து மலிவானது. பிவிசி குழாயை 10 முதல் 50 செ.மீ. வரை பல அளவுகளில் வெட்டி, எடைகட்டி, கடலடியில் கயிற்றோடு வரிசை மாற்றிப் போடுங்கள். ஒவ்வொருவரும் நீளத்தைச் சிலேட்டில் எழுதட்டும். மேலே வந்து சரிபாருங்கள். பிழை குறையும்வரை திரும்பச் செய்யுங்கள். பருவம் தொடங்கும்போதெல்லாம் இது வேண்டும், பழைய கைகளுக்கும்தான். நீளத்தை வெறும் எடைக்காக மட்டும் கேட்கவில்லை. பெரும்பாலான களவா இனங்கள் முதலில் பெட்டையாக முதிர்ந்து, பெருத்த பிறகே ஆணாக மாறும். பெரிய மீன்கள், அதாவது ஆண்கள், காணாமல் போவதை எண்ணிக்கை காட்டாது, நீளம் காட்டிவிடும்.

அடுத்தது மீன் கூட்டம். உங்கள் ஒரு பட்டை 250 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு மாற்ற 40-ஆல் பெருக்குகிறீர்கள். 100 ஓரா மீன்கள் ஒரு தடவை குறுக்கே கடந்தால் அந்தப் பட்டைக்கு 4,000 ஏறிவிடும். ஆறு பட்டைகளில் 12, 9, 15, 11, 8, 105 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 27-ஐ நெருங்கும்; இடைநிலையோ (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 11.5 தான். அதனால் ஒவ்வொரு பட்டையின் எண்ணையும் தனித்தனியாக அறிக்கையில் கொடுங்கள். சராசரியை மட்டும் கொடுக்கும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

தண்ணீர் தெளிவையும் குறித்திருக்கிறீர்களா? கச்சான் காற்றில் கலங்கிய நீரில் எடுத்த கணக்கையும், கடல் அமைதியாகத் தெளிந்திருந்த நாளில் எடுத்ததையும் ஒப்பிட்டால் பயனில்லை. பட்டையின் நீளத்தை அளக்கும் நாடாவை விரித்துவிட்டுத் திரும்பி வந்து எண்ணுவதும் கூடாது. கூச்சமுள்ள பெரிய மீன்கள் அதற்குள் விலகியிருக்கும். ஒருவர் எண்ணிக்கொண்டே முன்னால் போக, மற்றவர் பின்னால் விரித்துவரட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. வேட்டை நடக்கிற இடத்தில் மீன் ஆளைக் கண்டதும் ஒதுங்கும். பாதுகாப்புக் கிடைத்த இடத்தில் அச்சம் விட்டு அருகே வரும். இருக்கும் மீன் மாறாமலே உங்கள் எண்ணிக்கை கூடுவதற்கு அதுவும் ஒரு வழி. விலாங்கு போலப் பகலில் பொந்துக்குள் கிடப்பவை இந்த முறையில் எப்போதுமே குறைவாகத்தான் விழும்.

போன வருடத்து ஆட்களில் இரண்டு பேரையாவது ஒருநாள் கூப்பிடுங்கள். பழையவர் ஒருவரும் புதியவர் ஒருவரும் அருகருகே நீந்தி, பேசாமல், ஒரே பட்டையைத் தனித்தனியாக எண்ணட்டும். பல பட்டைகளில் செய்தால், புதியவர்கள் நீளத்தை எவ்வளவு கூட்டிச் சொல்கிறார்கள் என்பது தெரியும். அந்த அளவுக்கு இந்த வருட நீளங்களைத் திருத்தி, எடையைத் திரும்பக் கணக்கிடுங்கள். அதற்கு முன்பே, எடையை விட்டுவிட்டு இரண்டு வருடத் தலைக்கணக்கை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது ஏறாமல் எடை மட்டும் ஏறியிருந்தால், சந்தேகம் முதலில் உங்கள் கண் அளவின் மேல்தான் விழவேண்டும்.