கம்பம் பள்ளத்தாக்கில் ஆஸ்துமா உள்ளவருக்கு எந்த மாதங்களில் காற்று ஒத்துக்கொள்ளும்?

மதுரையிலிருந்து கம்பம் பக்கம் குடிபெயர எண்ணிக் கண்மாய்க் கரையோரம் வீடு பார்ப்பதாகவும், ஆஸ்துமா உள்ள தாயாருக்கு அந்தக் காற்று ஆண்டு முழுவதும் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் மதுரையிலிருந்து வந்தவன்தான். கண்மாயிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்து, இதே நோயுள்ள என் அம்மாவைக் கவனித்து வருகிறேன். என் அனுபவத்தில், இங்கே மாதத்தைவிட வேளையைப் பார்ப்பதே முக்கியம்.

ஆனி முதல் ஆவணி வரை கவலை குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிகள் வழியே இறங்கி, புகையைத் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு போய்விடும். ஆடியில் புழுதி பறக்கும் என்பது உண்மைதான். ஐப்பசியில் மழை காற்றைக் கழுவிவிடும், தீபாவளி இரவு நீங்கலாக.

சிக்கல் கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மாசி வரை நீடிக்கிறது. மேற்கே கேரள எல்லை மலைகளும் கிழக்கே மேகமலையும் நிற்கும் இந்தப் பள்ளத்தாக்கில், வானம் தெளிந்த இரவுகளில் சரிவுகள் விரைவாகக் குளிர்ந்து, குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கித் தேங்குகிறது. அதன்மேல் வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடுவதால், ஊரின் புகை மேலே போக வழியில்லை. சபரிமலைக்குப் போகும் வாகனங்கள் ஊரை நிறைப்பதும், கரும்புச் சோகையும் குப்பையும் எரிவதும், போகியும் இதே காலத்தில்தான் வருகின்றன.

ஒரு தை மாதக் காலை ஆறரை மணிக்கு அம்மாவும் நானும் கண்மாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தோம். எதிர்க்கரைத் தோப்பில் காய்ந்த தென்னை மட்டைகளைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். புகை தென்னை உயரம்வரை நேராக எழுந்து, அதற்கு மேல் ஏறாமல் படுத்து, வேட்டியை விரித்தாற்போல் நீரின்மேல் பரவி எங்கள் பக்கம் வந்தது. அம்மா மதகுக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். இழுப்புச் சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும் அதே இடத்தில் புகை வாடைகூட இல்லை.

மார்கழி விடியலில் ஓசோன் இறங்குகிறது, அது உடம்புக்கு நல்லது என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து அதை நம்பி உங்கள் தாயாரை வெளியே அனுப்பாதீர்கள். தரைமட்ட ஓசோன் வெயிலில் உருவாவது, மூச்சுக்குழாயை உறுத்தக்கூடியது. கைபேசியில் காணும் காற்றுத் தரக் குறியீட்டையும் கவனமாகவே பார்க்க வேண்டும். நம் நாட்டில் நுண்துகளுக்கான அந்தக் குறியீடு 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுவது, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகளுக்கு நம் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்ததோ 15. சராசரி வரம்புக்குள் இருக்கும் நாளிலும் விடிகாலை மூன்று மணி நேரம் மிக மோசமாக இருக்க முடியும்.

மாசி, பங்குனியில் காட்டுத்தீ வேறு உண்டு. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணியில் மலையேறச் சென்றவர்களின் உயிரைப் பறித்த தீ, சருகும் புல்லும் காய்ந்து கிடக்கும் இதே பருவத்தில்தான் பரவியது.

ஆகவே பனிக்காலத்தில் தாயாரின் நடையைக் காலை ஒன்பதரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் சன்னல்களைச் சாத்துங்கள். மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை, காற்று நன்றாக இருக்கும் ஆடியிலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வீட்டைப் பொறுத்தவரை, தண்ணீரைப் பார்த்த வீடு அழகாக இருந்தாலும் கண்மாய் தாழ்ந்த இடத்தில் இருப்பதால், சற்று மேட்டுத் தெருவில் கிடைத்தால் அதையே எடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் தை மாதத்தில் ஓர் இரவு இங்கே தங்கி, விடிகாலை ஆறு மணிக்கு அந்த வீட்டு மாடியில் நின்று, புகை எந்தப் பக்கம் படுக்கிறது என்று நீங்களே பாருங்கள்.