நியூட்டின் பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘ஏலியன்: ரோமுலஸ்’ பார்த்த கையோடு பழைய படங்களையும் மறுபடி பார்த்தேன். அப்படியே காமிக்ஸ் பக்கம் வந்துவிட்டேன். டார்க் ஹார்ஸ் பதிப்பகம் போட்டவை, இப்போது மார்வல் போடுபவை என்று ஏகப்பட்டது இருக்கிறது. எங்கே தொடங்குவது? அலுவலக நண்பர் ஒருவர், 1988இல் வந்த முதல் தொடர் ‘கேனன்’ (அதிகாரபூர்வமான கதை) கிடையாது, மூன்றாவது படம் வந்ததோடு அது செல்லாமல் போய்விட்டது, நேரத்தை வீணாக்காதே என்கிறார். பாரதத்தில் இல்லாத அல்லி கதையை நம்மூரில் பாடுகிற மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாமா? நாற்பத்தைந்து வயதில் பொம்மைப் புத்தகம் எதற்கு என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள். டேப்லெட்டில் படித்தால் போதுமா, அச்சில்தான் வாங்க வேண்டுமா?

அன்புடன்,
எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

வீட்டில் கேட்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது, படிக்கத் தோன்றினால் படியுங்கள். டேப்பா அச்சா என்பது உங்கள் கண்ணையும் பையையும் பொறுத்தது. உங்கள் நண்பர் சொன்னாரே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே இதை நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த 1988 தொடரை மறுபடி எடுத்துப் படித்ததிலிருந்து.

முதலில் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மொத்தம் ஆறு இதழ், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் செல்லுமா செல்லாதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். படித்துவிட்டு, சகிக்கவில்லை என்று தூக்கிப்போட்டிருந்தால் அது உங்கள் ரசனை என்று விட்டிருப்பேன். ஒரு கதையைப் படிக்கலாமா என்பதற்கு அதன் உரிமையாளரிடம் முத்திரை வாங்கிவரச் சொல்கிற வாசகரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உங்கள் நண்பரும் படிக்காமல்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு படித்தாலும் ஒன்றும் குறையாது. 1986இல் வந்த ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’ படத்தில் வேற்றுக்கிரக ஜந்துக்களால் ஒரு குடியிருப்பு முழுக்க அழிந்து, காற்றுக்குழாய்களுக்குள் ஒளிந்து ஒரு சிறுமி மட்டும் மிஞ்சுகிறாள். கையில் உடைந்த பொம்மைத் தலை. அவள்தான் நியூட். கதாநாயகி ரிப்ளி அவளைத் தேடி அந்த ஜந்துக்களின் கூட்டுக்குள் தனியாக இறங்குகிறாள், மீட்டுக்கொண்டு வருகிறாள், எல்லோரும் உறக்கப்பெட்டிகளில் படுக்கிறார்கள், படம் முடிகிறது. நமக்கும் நிம்மதி.

ஆனால் அந்தக் குழந்தை அப்புறம் என்ன ஆகும்? அம்மா, அப்பா, அண்ணன், ஊர் எல்லாரையும் அப்படிப் பறிகொடுத்த ஒரு பிள்ளை, வீடு திரும்பியதும் சரியாகிவிடுமா? மார்க் வெர்ஹைடன் எழுதி மார்க் ஏ. நெல்சன் வரைந்த அந்தத் தொடர் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. பத்தாண்டு போல ஆகிவிட்டது. நியூட் இப்போது வளர்ந்த பெண், பூமியில் மனநல மருத்துவமனை ஒன்றில் அடைபட்டிருக்கிறாள், தூங்கினால் அதே கனவு. சொல்வதை யாரும் நம்புவதில்லை. கடைசியில் அவள் நினைவையே அழித்துவிடலாம் என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். அமிலம் பட்டு முகம் பாதி வெந்துபோன ஹிக்ஸ், அதே படத்தில் அவர்களோடு தப்பிய படைவீரன், இப்போது குடித்துச் சீரழிந்துகொண்டிருக்கிறவன், அவளை அங்கிருந்து கடத்திக்கொண்டு வந்து தன் கப்பலில் ஒளித்துவைக்கிறான். கப்பல் போகுமிடமோ அந்த ஜந்துக்களின் சொந்தக் கிரகம். அதே கப்பலில் பட்லர் என்ற வீரன்மேல் அவளுக்குக் காதல் வருகிறது. அவன் மனிதன் இல்லை, செயற்கை ஆள் என்பது அவனை இரண்டாகக் கிழித்துப்போட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. தெரிந்ததும் அவள் கோபப்படுகிறாள் பாருங்கள், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று, அந்தக் கோபத்துக்காகவே நான் இந்தத் தொடரைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். பயமும் அழுகையுமாகவே இருந்த ஒரு பெண்ணுக்கு, ஏமாற்றப்பட்ட காதலியின் சாதாரண மனிதக் கோபம் கிடைக்கிறது. படங்கள் ஒன்றிலும் நியூட்டுக்கு அந்த வாய்ப்பு வரவே இல்லை.

ஏனென்றால் 1992இல் ‘ஏலியன் 3’ வந்தது. படம் தொடங்கிச் சில நிமிடங்களில் கப்பல் விழுகிறது, ஹிக்ஸ் இறந்துபோகிறான், நியூட் தன் பெட்டிக்குள்ளேயே மூழ்கிச் சாகிறாள். அந்தச் சின்ன உடலை அறுத்துப் பார்க்கச் சொல்லி ரிப்ளி நிற்கிற காட்சி மறக்கவே மறக்காது. இதில் இயக்குநர் ஃபின்ச்சர் மேல் எனக்குக் குறையில்லை. அது துணிந்து எடுத்த முடிவு, அந்தப் படத்தின் துக்கம் உண்மையானது. எனக்குப் பொறுக்காதது அதற்குப் பிறகு நடந்தது. ஏற்கெனவே வெளிவந்து, ஆட்கள் வாங்கிப் படித்து, அலமாரியில் வைத்துவிட்ட ஒரு கதையை, படத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மாற்றினார்கள். மறுபதிப்பில் நியூட் பில்லி ஆனாள், ஹிக்ஸ் வில்க்ஸ் ஆனான். அவர்கள் வந்த ஊரும் வேறாகிவிட்டது. முகம் அதே முகம், தழும்பு அதே தழும்பு. வசனக் குமிழிக்குள் மட்டும் வேறு பெயர்.

என் கைக்கு முதலில் வந்தது அப்படி மாற்றப்பட்ட பிரதிதான், வண்ணம் ஏற்றி ‘அவுட்பிரேக்’ என்று போட்டார்களே, அது. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணினிப் பாடநூல்களுக்கு நடுவே கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் உள்ளே நீலப் பேனாவால் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள். நூலகப் புத்தகத்தில் கிறுக்குகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும், அதே ஆத்திரத்தோடுதான் பார்த்தேன். அப்புறம்தான் கவனித்தேன். ‘பில்லி’ என்று வருகிற இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் ‘நியூட்’ என்று எழுதியிருந்தது. ஒரு பக்கம் இரண்டு பக்கம் இல்லை, கடைசிவரை. குமிழிக்குள் இடம் இல்லாதபோது ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. ஹிக்ஸை அந்த வாசகர் தொடவே இல்லை, அவன் வில்க்ஸாகவே இருந்தான். அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் போதும் என்று நினைத்தாரோ என்னவோ. ஆணா பெண்ணா, எந்த ஊர்க்காரர், எப்படி அந்தப் புத்தகம் திருவல்லிக்கேணிக்கு வந்தது, எதுவும் தெரியாது. படிப்பு என்றால் எனக்கு அதுதான், எஸ். எது செல்லும் என்று யாரிடமும் கேட்காமல், தன் கையில் இருந்த பிரதியைத் தானே சரிசெய்துகொண்ட ஒருவர்.

அல்லி கதையோடு ஒப்பிடாதீர்கள். அல்லி அரசாணி மாலை பாடியவரிடம் வந்து, அர்ச்சுனன் பெயரை மாற்று, இல்லையென்றால் பாடாதே என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இருந்ததில்லை. பாரதத்துக்கு உரிமையாளர் கிடையாது. நியூட்டுக்கு உண்டு, ஒரு பட நிறுவனம். வெர்ஹைடனும் நெல்சனும் உரிமம் பெற்ற பதிப்பகத்துக்காக வேலை செய்தவர்கள், அந்தப் பெண்ணை அவர்கள் எவ்வளவு நேசித்து எழுதினாலும் அவள் அவர்களுடையவள் இல்லை. இதை மறந்துவிட்டு ‘கேனன்’ பற்றிப் பேசுகிறவர்கள், இலக்கிய விவாதம் செய்வதாக நினைத்துக்கொண்டு சொத்து வழக்கில் உரிமையாளர் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த முத்திரையும் ஒன்றும் நிலையானதில்லை. ஏலியனும், இன்னொரு படவரிசையில் வருகிற வேற்றுக்கிரக வேட்டைக்காரனான பிரடேட்டரும் மோதுகிற கதையை டார்க் ஹார்ஸ் 1989இல் காமிக்ஸாகத்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டே ‘பிரடேட்டர் 2’ படத்தில் வேட்டைப் பரிசுகளுக்கு நடுவே ஒரு ஏலியன் மண்டையோடு வந்துவிட்டது, 2004இல் முழுப்படமே எடுத்தார்கள். உதவும் என்று தோன்றினால் காமிக்ஸிலிருந்து எடுத்துக்கொள்வார்கள், இடைஞ்சல் என்றால் பெயரை அழிப்பார்கள். வாசகர் ஏன் இதன் பின்னால் ஓட வேண்டும்?

சரி, வரிசை. 1988 தொடரில் தொடங்குங்கள், கறுப்பு வெள்ளையில். நெல்சனின் கோடுகளில் இருக்கிற அந்த இருட்டு, வண்ணம் பூசியதும் போய்விடுகிறது. ‘ஏலியன்ஸ்’ படத்தின் முப்பதாம் ஆண்டுக்காக 2016இல் வந்த பதிப்பில் பழைய பெயர்களையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கிடைத்தால் அதை வாங்குங்கள். அடுத்து டெனிஸ் பூவே ஓவியமாகத் தீட்டிய இரண்டாவது தொடர், பிறகு சாம் கீத் வரைந்த ‘எர்த் வார்’. இந்த மூன்றும் ஒரே கதை. டேவ் கிப்பன்ஸ் எழுதி மைக் மிக்னோலா வரைந்த ‘சால்வேஷன்’, ஜேம்ஸ் ஸ்டோக்கோவின் ‘டெட் ஆர்பிட்’ இரண்டும் தனிக்கதைகள், எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். மார்வல் 2021இல் தொடங்கியவற்றுக்கு அவசரம் இல்லை.

படித்து முடித்ததும் நண்பரிடமும் கொடுங்கள். பட்லர்மேல் நியூட் கோபப்பட்டது நியாயமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அவனும் பாவம்தான், எந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்க முடியும் அவனால்? அதைப் பற்றி எழுதுங்கள், உடனே பதில் போடுகிறேன்.