இயர்போனைக் கழற்றுங்கள்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் சரியாக வரவில்லை. நல்ல காலத்தில் வாய் ஓயாமல் ஆண்டவரைத் துதித்தவள் நான். இப்போது அல்லேலூயா சொல்ல நா எழவில்லை. இரவு 9 முதல் 11 வரை கைப்பேசியில் ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்துகொள்கிறேன். "இந்த நோய்க்காகவே ஆயிரம் ஸ்தோத்திரம் சொல், சுகம் கிடைக்கும்" என்கிறார்கள். அடுத்த அறையில் மாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பதால் இயர்போன் மாட்டித்தான் கேட்க முடிகிறது. நானும் சொல்லிப் பார்த்தேன். பொய் சொல்வதுபோல் இருக்கிறது. என் விசுவாசம் போய்விட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த இயர்போன்.

உங்கள் மாமியார் என்ன முணுமுணுக்கிறார் என்று ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டீர்களா? ஜெபமாலை மணிகளைப் பத்துப் பத்தாக உருட்டி, ஒவ்வொரு பத்தும் முடிந்ததும் "பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் ஸ்தோத்திரம் உண்டாவதாக" என்பார். திங்களும் சனியும் மகிழ்ச்சி மறையுண்மைகள், அதாவது இயேசுவின் வாழ்வில் மகிழ்ச்சியான நிகழ்ச்சிகள்; இயேசு பிறந்ததைத் தியானித்துவிட்டு அதைச் சொல்வார். செவ்வாயும் வெள்ளியும் துயர மறையுண்மைகள். கற்றூணில் கட்டி அடித்ததைத் தியானித்த பிறகும் அதையே சொல்வார், சிலுவையில் உயிர் விட்டதைத் தியானித்த பிறகும் அதையேதான். அழுகை வந்த நாளுக்கென்று வேறு முடிவு வைக்கவில்லை. துன்பத்தில் துதிப்பது எப்படி என்று நீங்கள் தினம் இரண்டு மணி நேரம் கைப்பேசியில் தேடுகிறீர்கள். அது சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது, நீங்கள் காதை அடைத்துக்கொள்கிறீர்கள்.

படுத்திருப்பவர் உங்களுக்குக் கணவர், அந்த அம்மாவுக்குப் பெற்ற பிள்ளை. உங்கள் கடிதத்தில் மாமியாருக்கும் துக்கம் இருக்கும் என்று ஒரு வரி இல்லை. அவர் போடும் சத்தம் மட்டும் இருக்கிறது. ஒரே மனிதனுக்காக ஒரே வீட்டில் இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே ஜெபிப்பதை நான் பக்தி என்று சொல்லமாட்டேன். வீட்டில் மூத்தவர் ஜெபம் தொடங்கினால் இளையவர் பதில் சொல்ல வேண்டும். மருமகளுக்கு மட்டுமல்ல, பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அது கடமைதான்.

ஆயிரம் ஸ்தோத்திரம் பொய்யாகப் பட்டது என்றீர்களே, உங்கள் மனசாட்சி சரியாகத்தான் வேலை செய்கிறது. பக்கவாதத்துக்கு நன்றி சொல்லும்படி திருச்சபை யாரையும் கேட்டதில்லை. இத்தனை தடவை சொன்னால் சுகம் என்பது பேரம். கடவுள் செய்ததற்காக மட்டுமல்லாமல், அவர் கடவுளாக இருப்பதற்காகவே புகழ்வதைத்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2639) துதி என்கிறது. சுகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது மாறாது.

யோபுவையும் உங்களுக்கு எடுத்துக்காட்டியிருப்பார்கள். "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்பது முதல் அதிகாரம். நம் ஆட்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். பிறகு பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். 42ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கோபித்துக்கொள்வது பக்தியாகப் பேசிய நண்பர்களை. சரியாகப் பேசியவன் என் ஊழியன் யோபு என்கிறார். திருப்பாடல் 88 இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதைத்தான் திருச்சபை வெள்ளி இரவு மன்றாட்டில் வைத்திருக்கிறது. அல்லேலூயா வராத இரவில் அதை வாய்விட்டு வாசியுங்கள். கடவுளை நோக்கிச் சொல்லும் புலம்பல் ஜெபம்தான்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. ஒன்பது மணி வேண்டாம், அதற்குள் நோயாளி களைத்துவிடுவார். மாலையில் அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, "அத்தை, இங்கேயே சேர்ந்து சொல்வோம்" என்று மாமியாரைக் கணவரின் கட்டிலருகே அழைத்து வாருங்கள். முதல் வாரம் ஜெபமாலையில் ஒரே ஒரு பத்து போதும், நாலைந்து நிமிடம். ஐந்து பத்தும் சொல்ல இருபது நிமிடம் ஆகும், அதற்கு மெல்லப் போகலாம். பல வீடுகளில் குடும்ப ஜெபம் கெட்டுப்போவது இங்கேதான்: முதல் நாளே மாதா பிரார்த்தனை, புனிதர்களுக்கான ஜெபங்கள், பாட்டு என்று முக்கால் மணி நேரம் இழுப்பார்கள், பத்து நாளில் யாரும் உட்காரமாட்டார்கள்.

"அருள் நிறைந்த மரியாயே" ஜெபத்துக்கு மாமியார் சொல்லும் பழைய பாடத்தையே வைத்துக்கொள்ளுங்கள். "கர்த்தர் உம்முடனே" என்பதைத் திருத்தாதீர்கள். காரணம் இருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் சிலருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் வராவிட்டாலும், சிறு வயதில் மனப்பாடமான ஜெபமும் பாட்டும் வாயில் வந்துவிடும். உங்கள் கணவர் தம் தாயிடம் கற்றது அந்தப் பாடமாகத்தான் இருக்கும். முதல் பாதியை மெதுவாகச் சொல்லிவிட்டு, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று எடுத்துக்கொடுத்து நிறுத்துங்கள். அவருக்கு நேரம் கொடுங்கள். வராவிட்டால் நீங்களே முடியுங்கள். "சொல்லுங்க, சொல்லுங்க" என்று நச்சரிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் பங்குத்தந்தையைப் பற்றிப் பேச்சே இல்லை. துன்பத்தில் இருப்பவர் வேண்டட்டும், மகிழ்ச்சியில் இருப்பவர் பாடட்டும், நோயாளி திருச்சபையின் மூப்பர்களை, அதாவது குருக்களை, அழைக்கட்டும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் (5:13-14) மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். எட்டு மாதமாக மூன்றாவதை விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. குரு நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரியது அல்ல; அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பெயரின் பயத்தை விடுங்கள். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரவும் கேளுங்கள். விழுங்கச் சிரமம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிறு துண்டு கொடுத்தால் போதும். சாதாரணத் தண்ணீரோடு கொடுக்கலாமா, கெட்டியாக்கிய தண்ணீரோடா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நற்கருணைக்கு முன் இருக்க வேண்டிய ஒரு மணி நேர நோன்பு நோயாளிக்கும் முதியவருக்கும் கட்டாயமில்லை, அவர்களைக் கவனித்துக்கொள்பவருக்கும் இல்லை. அன்றைக்கு நீங்களும் மாமியாரும் காப்பி குடித்திருந்தாலும் நற்கருணை வாங்கலாம்.