விருதுப் பட்டியலைப் பார்த்து கைடைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: என் மகள் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் (கட்டட அமைப்புப் பொறியியல்) முடிக்கப் போகிறாள். பி.எச்.டி.க்கு வெளிநாட்டில் இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒரு குழு அனுப்பிய கையேட்டில் பாதிப் பக்கங்கள் விருதுகள்தான். இன்னொரு குழுவின் கையேட்டில் விருதுகள் குறைவு, லேப் படங்கள்தான் அதிகம். நான் வங்கியில் இருந்தவன், இந்தத் துறை தெரியாது. எதை வைத்து முடிவெடுப்பது?
– வாசகர், ஈரோடு

விருதுகளையும் பாருங்கள், தப்பில்லை. ஆனால் எந்த வேலைக்காகக் கொடுத்தார்கள், அந்த வேலை எந்த வருடம் நடந்தது என்று சேர்த்துப் பாருங்கள். பதக்கத்தின் பெயரெல்லாம் அப்புறம்.

கலிஃபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்களேன். அங்கே ரே கிளஃப் என்று ஒரு பேராசிரியர். 1952 கோடை விடுமுறையில் போயிங் நிறுவனத்துக்குப் போய் விமான இறக்கை எப்படி வளைகிறது, அதிர்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இறக்கை முழுவதையும் ஒரே மூச்சில் கணக்கிட முடியாது. அதனால் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு இழுபடும் என்று எழுதி, மூலைக்கு மூலை திரும்ப ஒட்டிவிட்டால் மொத்த இறக்கையும் கைக்கு வந்துவிடும் என்பதுதான் யோசனை. போயிங்கில் இருந்தவர்களோடு சேர்ந்து அவர் எழுதிய பேப்பர் 1956-ல் வந்தது. அதற்கு 'ஃபைனைட் எலிமென்ட்' என்று அவர் பெயர் வைத்தது 1960-ல். அப்போதைய கணினிகளையும் நினைத்துப் பாருங்கள், பெர்க்லியில் அவர்கள் முதலில் பயன்படுத்திய ஐபிஎம் 701 ஒரே தடவையில் சுமார் 40 சமன்பாடுகளைத்தான் தீர்க்கும். பிறகு ஆர்கன்சாஸ் மாநிலத்தில் நார்ஃபோர்க் என்ற கான்கிரீட் அணையில் பெரிய விரிசல் இருந்தது, அதோடு அணை தாங்குமா என்ற கேள்வி வந்தபோது கிளஃபும் அவருடைய மாணவர் எட் வில்சனும் இதே முறையில்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இன்று உங்கள் ஊரில் எழும்பும் மேம்பாலத்துக்கும் அடிப்படை இந்த முறைதான்.

சரி, இந்த கிளஃபுக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் எப்போது கிடைத்தது தெரியுமா? 1994-ல். அந்தப் பேப்பர் வந்து 38 வருடம் கழித்து! 1961-ல் ஒரு மாணவர் விருதுப் பட்டியலை மட்டும் பார்த்து கைடைத் தேடியிருந்தால், இந்தத் துறையையே மாற்றிக்கொண்டிருந்த வேலை அவர் கண்ணில் பட்டிருக்காது.

அதனால் நான் எப்போதும் கேட்கச் சொல்வது, இந்தக் குழு செய்ததில் எது லேப் கதவைத் தாண்டி வெளியே போய் நிற்கிறது என்பதைத்தான். அதே பெர்க்லியில் ஜேம்ஸ் கெல்லி 1970களின் நடுவிலிருந்து, ரப்பர் தகட்டையும் இரும்புத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டிய திண்டுகளைக் கட்டட மாதிரிக்கு அடியில் வைத்து, நிலநடுக்கம் போல ஆட்டும் மேடையில் ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து வரும் பாரத்துக்கு அந்தத் திண்டு அசையாது, பக்கவாட்டில் மட்டும் இளகிக் கொடுக்கும். நிலம் ஆடினாலும் மேலே அந்த ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். 1985-ல் ராஞ்சோ குக்கமோங்கா என்ற ஊரில் கட்டிய நீதிமன்ற வளாகத்தை இப்படி 98 திண்டுகளின் மேல்தான் உட்கார வைத்தார்கள். அமெரிக்காவில் இந்த வகையில் அது முதல் கட்டடம். ரப்பர்க் கலவையைத் தயாரித்துக் கொடுத்தது மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வு மையம். அந்த மலேசியத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்தக் குழுக்களில் படித்து முடித்த இரண்டு பேரிடமாவது, கைடு பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசட்டும். முடிக்க எத்தனை வருடம் ஆனது, சோதனை இயந்திரத்துக்கு எத்தனை வாரம் காத்திருந்தார்கள், பேப்பரில் முதல் பெயர் யாருடையது, இது மூன்றையும் கேட்டாலே போதும். பதில் திருப்தியாக இருந்தால் நான் லேப் படம் அனுப்பிய பக்கம்தான் சாய்வேன்.

கேள்வி: ஆபீசில் தினமும் ஈடேப்ஸ் என்ற கட்டட மென்பொருளில்தான் டிசைன் செய்கிறேன். அது பல்கலைக்கழகத்தில் பிறந்தது என்று சீனியர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, மதுரை

உண்மைதான். மேலே சொன்ன எட் வில்சன்தான் அதற்கும் வேர். 1970-ல் பெர்க்லியில் அவர் எழுதிய ப்ரோகிராமுக்கு 'சாப்' என்று பெயர் வைத்தார். ஆங்கிலப் பேச்சு வழக்கில் அதற்கு ஏமாளி என்று அர்த்தம். ப்ரோகிராமுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, மாடல் சரியா என்று பார்ப்பதும் விடைக்குப் பொறுப்பேற்பதும் பொறியாளர் வேலை என்று தெரிந்தேதான் அப்படி வைத்தார். கட்டடங்களுக்கென்று தனியாக 1972-ல் 'டேப்ஸ்' வந்தது, அதை விரித்து 1975-ல் 'ஈடேப்ஸ்'. நீங்களும் கலர் படத்தைப் பார்த்ததும் ரிப்போர்ட்டை அனுப்பிவிடாதீர்கள். அடித்தளத்தில் வரும் ரியாக்‌ஷன்களை, அதாவது கட்டடத்தைத் தாங்கும் எதிர்விசைகளைக் கூட்டி, கையால் போட்ட மொத்த எடையோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பத்து நிமிட வேலை.

கேள்வி: எங்கள் குழுவின் ஆய்வுக்கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. பீம் வார்த்ததிலிருந்து உடைத்தது வரை கூடவே நின்ற லேப் டெக்னீஷியன் பெயர் எங்கேயும் இல்லை. மனசு உறுத்துகிறது.
– ஆய்வு மாணவர், சென்னை

உறுத்தத்தான் வேண்டும். என் எம்.இ. நாட்களிலும் இப்படி ஒருவர் இருந்தார். பீமுக்குச் சுண்ணாம்பு அடித்து வைப்பார், அப்போதுதான் முடி அளவு விரிசலும் கண்ணுக்குத் தெரியும். லோடு ஏற ஏற மார்க்கர் பேனாவோடு குனிந்து, விரிசல் எங்கே நிற்கிறதோ அங்கே கோடு போட்டு, பக்கத்திலேயே டன் கணக்கை எழுதுவார். கம்பி எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்க அதில் ஒட்டும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒன்று சரியாக ஒட்டவில்லை என்று வார்ப்புக்கு முந்தின நாள் ராத்திரி கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்தான். கம்பியைத் திரும்ப உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, புதிதாக ஒட்டி முடிக்க மணி பதினொன்று ஆகிவிட்டது. என் தீசிஸ் நன்றிப் பக்கத்தில் 'லேப் ஊழியர்கள்' என்று பொதுவாக எழுதிவிட்டேன், அவர் பெயரை எழுதவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் உடனே செய்யலாம். கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் நன்றிப் பகுதியில் அவர் முழுப் பெயரையும் செய்த வேலையையும் எழுதுங்கள். சோதனை அமைப்பையே அவர்தான் யோசித்துக் கொடுத்தார் என்றால், ஆசிரியர் பட்டியலில் சேர்க்க கைடிடம் கேளுங்கள். அச்சாகிவிட்டதா, பரிசுச் சான்றிதழைக் குழுவாகப் படம் எடுப்பீர்கள் இல்லையா, அவரை நடுவில் நிறுத்துங்கள். அந்தப் படத்தை லேப் சுவரிலேயே மாட்டி, கீழே எல்லோர் பெயரையும் எழுதுங்கள்.