காரின் முன்பக்கப் பாகங்கள் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்களா? முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

கேள்வி: என் கார் 1,30,000 கி.மீ. ஓடிவிட்டது. மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. வேகம் எடுத்தால் ஸ்டீயரிங் லேசாக அலைபாய்கிறது. முன் டயர்களின் உள்விளிம்பும் தேய்ந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், டை ராட், லிங்க் ராட், ஸ்டீயரிங் ராக் என்று நீளமான பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே தடவையில் அவ்வளவு செலவு செய்ய முடியாது. எதை இப்போதே மாற்ற வேண்டும், எதைத் தள்ளிப் போடலாம்? விலை குறைந்த பாகங்களை வாங்கலாமா?

பதில்: அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அதில் எத்தனை பாகங்கள் கையால் ஆட்டிப் பார்த்து எழுதப்பட்டவை, எத்தனை கிலோமீட்டரைப் பார்த்து எழுதப்பட்டவை என்று நமக்குத் தெரியாது. இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் தவறான பாகத்தை மாற்றுவதால்தான். லிங்க் ராடில் ஆட்டம் இருக்க, சத்தத்தை வைத்து இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட்டு, அதே 'டக் டக்' சத்தத்தோடு திரும்பி வந்த கார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லிங்க் ராட் என்பது, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் முனையை இணைக்கும் சின்னத் தண்டு. அந்தப் பட்டியலிலேயே மலிவான பாகம் அதுதான்.

சோதனைக்கு அரை மணி நேரமும், உதவிக்கு ஒரு ஆளும் போதும். முதலில் நான்கு டயரிலும் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் காற்றுக் குறைந்தாலே ஸ்டீயரிங் இழுக்கும். அப்புறம் சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக்கூடாது, ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம்.

சக்கரத்தின் இடது வலது ஓரங்களை, அதாவது கடிகாரத்தில் 9 மணியும் 3 மணியும் இருக்கும் இடங்களைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றுவது ராக்; அதிலிருந்து சக்கரத்தைத் திருப்பப் போகும் கம்பி டை ராட். ஆட்டம் இருந்தால் அந்தக் கம்பியின் சக்கரப் பக்க ஜாயிண்டான டை ராட் எண்டையோ, உள்ளே ராக் பக்கம் இருக்கும் ராக் எண்டையோ சந்தேகப்படலாம். எது என்று கண்டுபிடிக்க, இன்னொருவர் சக்கரத்தை அசைக்கும்போது நீங்கள் டை ராட் எண்டை உள்ளங்கையால் பொத்திப் பிடியுங்கள். தேய்ந்த ஜாயிண்ட் என்றால் ஒவ்வொரு அசைவிலும் சின்னதாக ஒரு தட்டு கையில் உணரும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால், ராக் ஓரத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையை (பூட்) அழுத்திப் பிடித்து உள்ளே தட்டுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து அசையுங்கள். இங்கே ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்டோ (லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனையில் இருக்கும் உருண்டை மூட்டு) வீல் பேரிங்கோ காரணமாக இருக்கலாம். உதவிக்கு இருப்பவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியதும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் பக்கம் தேடுங்கள். லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தை வண்டியோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் கை) நக்கிளுக்கும் (சக்கரம் பொருந்தியிருக்கும் பாகம்) நடுவே ஒரு கடப்பாரையை வைத்து மெதுவாக நெம்பினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடிந்து தூசி அப்பியிருந்தால் அது போய்விட்டது. மேலே லேசான ஈரப் படலம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பானெட்டை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனையை நான் பெரிதாக நம்புவதில்லை. முழுக்கச் செத்த ஷாக்கைத்தான் அது காட்டும். டயர் சுற்றிலும் அங்கங்கே குழி விழுந்தது போலத் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது இன்னும் நல்ல சாட்சி. வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு) மேலே இருக்கும் மவுண்ட் பேரிங் இறுகியிருக்கிறது.

சரி, எதை முதலில் மாற்றுவது? பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், ராக் எண்ட் இந்த மூன்றில் எதில் ஆட்டம் இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி உட்கார்ந்துவிடும். டை ராட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங் சொல்வதைக் கேட்காது. மாற்றும் வரை நெடுஞ்சாலைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. உடைந்த ஸ்பிரிங்கும் இதே வரிசைதான்.

அதற்கு அடுத்த இடம் கிழிந்த லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கும் (ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர்) எண்ணெய் விட்ட ஷாக்குக்கும். உங்கள் டயர் உள்பக்கம் தேய்வதற்கும் ஸ்டீயரிங் அலைவதற்கும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது தளர்ந்தால் பிரேக் போடும்போதெல்லாம் சக்கரம் இடம் மாறும். லிங்க் ராடும் ஸ்டெபிலைசர் புஷ்ஷும் சத்தம் போடும், உடனே ஆபத்து இல்லை. ஆனால் மலிவு என்பதால் முதலிலேயே மாற்றிவிட்டால் மற்றச் சத்தங்களைப் பிரித்துக் கேட்க முடியும்.

ராக் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். பட்டியலில் மிகவும் விலை உயர்ந்தது அதுதான். ராக்கிலேயே ஆட்டம் இருக்கிறது என்றால் ஜாயிண்டைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பல நேரம் ராக் எண்ட் மட்டும் தேய்ந்திருக்கும், அதைத் தனியாக மாற்றலாம். ரப்பர் பூட் கிழிந்து உள்ளே இன்னும் ஆட்டம் வரவில்லை என்றால், இன்றே அந்த உறையை மாற்றிவிடுங்கள். கிழிசல் வழியே கிரீஸ் வெளியே போய், தண்ணீரும் மண்ணும் உள்ளே போவதுதான் ஜாயிண்டைக் கொல்கிறது.

இரண்டு தவணையாகச் செய்வதாக இருந்தால், வீல் அலைன்மென்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, மாற்றும் பாகங்கள் எல்லாம் ஒரே தவணையில் வரட்டும்: டை ராட் எண்ட், ராக் எண்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட். அப்போதுதான் அலைன்மென்டுக்கு ஒரு முறை பணம் கட்டினால் போதும். லிங்க் ராடும் ஸ்டெபிலைசர் புஷ்ஷும் அலைன்மென்டைத் தொடாதவை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ரப்பர் தடுப்பு), தூசி உறை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் சின்ன பேரிங்குக்காக அதே லேபரை மறுபடி கொடுக்க வேண்டாம். ஷாக்கும் ஸ்பிரிங்கும் எப்போதும் ஜோடியாகத்தான். டை ராட் எண்ட் ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம், தவறில்லை.

பாகம் வாங்கும்போது, கார் கம்பெனிக்குச் சப்ளை செய்யும் உற்பத்தியாளர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் விற்பதைத் தேடுங்கள். கார் கம்பெனி பெட்டியில் வருவதைவிடப் பெரும்பாலும் விலை குறைவு. பெயர் தெரியாத பால் ஜாயிண்டையும் டை ராடையும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். பழைய பாகம் என்றால் நக்கிள், சப்ஃபிரேம் போன்ற இரும்புப் பாகங்களை நெளிவு, விரிசல், துரு பார்த்து எடுக்கலாம். ரப்பர், ஜாயிண்ட், ஷாக் இவற்றில் பழசு வேண்டாம். லோயர் ஆர்மில் புஷ் மட்டும் போயிருந்தால், பிரஸ்ஸில் அழுத்தி மாற்றும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பால் ஜாயிண்டும் புஷ்ஷும் சேர்ந்து வரும் முழு ஆர்மே சில கார்களில் லாபமாக இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் மெக்கானிக்கிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம், வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான். என் சொந்தக் காரில் புது புஷ் சில மாதங்களிலேயே கிழிந்தது. கழற்றிப் பார்த்தால், ரப்பர் நடுக்குழாயைச் சுற்றி முறுக்கிய துணி போல ஒரே திசையில் பிய்ந்திருந்தது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டார்கள். வண்டியைக் கீழே இறக்கிய நொடியிலிருந்து அந்த ரப்பர் முறுக்கிலேயே ஓடியிருக்கிறது.

கை வேலை தெரிந்தவர் என்றால் லிங்க் ராடையும் டை ராட் எண்டையும் வீட்டிலேயே மாற்றிக் கூலியை மிச்சப்படுத்தலாம். முந்தைய நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அதே சுற்றில் ஏற்றுங்கள். நட்டு கழலாமல் துளையில் செருகும் ஸ்ப்ளிட் பின் புதியதாக இருக்கட்டும். துளை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். ஸ்ட்ரட்டில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும்.

சுற்று எண்ணிப் போட்டது அலைன்மென்ட் கடை வரை மெதுவாக ஓட்டிப் போகத்தான். அங்கே வேலைக்கு முன், பின் என இரண்டு அளவுத் தாள்களையும் கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் வண்டி என்றால் ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சரி செய்ய வேண்டுமா என்றும் கேளுங்கள். நேர்ச் சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நின்றால் அன்றைக்கே திரும்பிப் போய்க் காட்டுங்கள்.