சாகசப் பயணங்களைப் பற்றிய நகைச்சுவைப் படங்களில் எவற்றை முதலில் பார்க்கலாம்?

தயங்காமல் இரண்டு படங்களைச் சொல்வேன்: 1924-இல் வெளிவந்த பஸ்டர் கீட்டனின் 'தி நேவிகேட்டர்', 1925-இல் வெளிவந்த சார்லி சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்'. இரண்டும் பேசாப் படங்கள். இரண்டையும் காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். அவை ஏன் நல்ல படங்கள் என்பதை எனக்குப் புரியவைத்தவர்கள் அவர்கள்தாம் என்பதால், அவர்கள் பார்த்த விதத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

'தி நேவிகேட்டர்' படத்தில் பணக்கார இளைஞன் ஒருவன், தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் வீட்டுக்குக்கூடக் காரில் ஏறிப் போய், அங்குள்ள பெண்ணிடம் தன்னை மணந்துகொள்ளுமாறு கேட்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். தேனிலவுக்கென்று வாங்கி வைத்த ஹொனலூலு பயணச் சீட்டோடு தனியாகப் புறப்படுகிறவன், இருட்டில் தவறான கப்பலில் ஏறிவிடுகிறான். அவளும் வேறொரு காரணத்தால் அதே கப்பலில் அகப்பட்டுக்கொள்ள, கட்டவிழ்த்து விடப்பட்ட அந்தக் கப்பல் மாலுமிகள் எவரும் இல்லாமல் கடலில் மிதக்கத் தொடங்குகிறது. படத்தில் நாம் பார்ப்பது அரங்கில் கட்டிய கப்பல் அன்று. அமெரிக்க ராணுவம் துருப்புகளை ஏற்றிச் செல்லப் பயன்படுத்திய உண்மையான கப்பல் அது. 1919-இல் அராஜகவாதியான எம்மா கோல்ட்மன் உள்ளிட்டவர்களை ரஷ்யாவை நோக்கி நாடு கடத்தியதும் அதே கப்பல்தான்.

அதன் சமையலறைக் காட்சிக்காகவே இந்தப் படத்தை முதலில் வைக்கிறேன். தன் கையால் வெந்நீர்கூட வைத்தறியாத இருவர், நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் பாத்திரங்களுக்கு நடுவே நின்று, காலை உணவு தயாரிக்க முயல்கிறார்கள். பிரம்மாண்டமான கொப்பரையில் முட்டை வேகிறது. எண்ணிப் போட்ட சில காப்பிக் கொட்டைகள் அரைபடாமலே கடல்நீரில் மிதக்கின்றன. 2010 பொங்கல் விடுமுறையில் இதை மடிக்கணினியில் போட்டபோது, எண்பது வயதான எங்கள் அப்பத்தா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். "இவுக ரெண்டு பேரையும் நம்ம மூணாங்கட்டுல கொண்டாந்து விட்டாலும் இதே கூத்துத்தான் நடக்கும்" என்றார்கள். மூணாங்கட்டு என்பது எங்கள் வீட்டின் சமையல் கட்டு. கல்யாணம் என்றால் ஒரு வேளைக்கு முந்நூறு இலை விழுந்த வீடு அது. அந்தக் கிடாரங்களும் கங்காளங்களும் அண்டாக்களும் அடுக்கியபடியே இருக்க, தமக்கும் துணைக்கு இருந்த அம்மாளுக்குமாக ஓர் ஓரத்து அடுப்பில் அரைப்படி அரிசி பொங்கிக்கொண்டிருந்தவர் அவர். பாத்திரம் பெரிதாக இருப்பது மட்டும் சிரிப்பை வரவழைப்பதில்லை. அத்தனை பேர் இருக்க வேண்டிய இடத்தில் இருவர் மட்டும் நிற்பதுதான் அந்தக் காட்சியின் உயிர் என்பதை நான் அன்றுதான் கண்டுகொண்டேன். படத்தில் சில வாரங்கள் கழித்துக் கயிறும் கப்பியும் கட்டி அதே அடுப்படியை அந்த இருவரும் ஆள ஆரம்பித்திருப்பார்கள். அந்தக் காட்சியை அப்பத்தா இரண்டாவது முறையும் போடச் சொன்னார்கள்.

'தி கோல்ட் ரஷ்' பசியைப் பற்றிய படம். 1890-களின் இறுதியில் தங்கம் தேடி வடக்கே போனவர்கள் அலாஸ்காவின் சில்கூட் கணவாயில் வரிசையாக ஏறும் புகைப்படங்களையும், 1846-47 குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் குடியேறப் போகும் வழியில் சியரா நெவாடா மலைப் பனியில் சிக்கிப் பலரைப் பறிகொடுத்த டானர் குழுவினரின் துயரத்தையும் மனத்தில் வைத்தே சாப்ளின் இதை எடுத்தார். கணவாய்க் காட்சி அதே மலைத்தொடரில், ட்ரக்கிக்கு அருகே, நூற்றுக்கணக்கான ஆட்களைப் பனியில் ஏறச் செய்து படமாக்கப்பட்டது. பனிக்குடிலில் உணவு தீர்ந்துபோக, சப்பாத்தை (காலணியை) வேகவைத்து, கத்தியால் பக்குவமாகப் பிரித்து, தட்டில் பரிமாறி, ஆணிகளை எலும்பைப் போலச் சூப்பி உண்ணும் காட்சி பலரும் அறிந்தது. சப்பாத்து அதிமதுர மிட்டாயால் செய்யப்பட்டது.

1987-இல் வி.சி.ஆர். வாடகைக்கு எடுத்து வளவுப் பத்தியில் (உள்முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்) இந்தப் படத்தைப் போட்டோம். எங்கள் ஐயா (தாத்தா) பதினாறு வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடி வேலை செய்யும் பையனாக, பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே திரும்பியவர். சினிமா என்றால் எழுந்து போய்விடும் அவர் அன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுச் சொன்னார்: "அவன் தட்டு வச்சுச் சாப்பிடுறதப் பாருங்க. நாங்க நடந்து வந்தப்பவும் ஒரு கை சோறா இருந்தாலும் இலையப் பறிச்சுப் போட்டுத்தான் தின்னோம்." அந்தப் பயணத்தைப் பற்றி அவர் தாமாகப் பேசியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

தமிழில் என்றால் 1966-இல் வந்த 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'. வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்ணும், அவளைத் துரத்தும் கொலைகாரர்களும், நடத்துநராக நாகேஷும் ஒரே பேருந்தில். நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான். ஆனால் ஊரையே உள்ளே ஏற்றிக்கொண்டு போகும் அந்தப் பேருந்து நீண்ட பயணத்தின் நிறைவைத் தந்துவிடுகிறது. இது 1972-இல் இந்தியில் 'பாம்பே டு கோவா' ஆயிற்று. 1990-இன் 'மைக்கேல் மதன காமராஜன்' முழுமையான பயணப் படம் அன்று என்றாலும், மலை விளிம்பில் ஊசலாடும் அதன் இறுதிக்காட்சி வீட்டைப் பார்த்தவர்கள் 'தி கோல்ட் ரஷ்' குடிலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

1910-இல் நடப்பதாக அமைந்த லண்டன்-பாரிஸ் விமானப் பந்தயத்தைச் சொல்லும் 'தோஸ் மேக்னிஃபிசென்ட் மென் இன் தேர் ஃப்ளையிங் மெஷின்ஸ்' (1965) படத்தையும் விட்டுவிடாதீர்கள். பழைய விமானங்களைப் பறக்கும் நிலையிலேயே புதிதாகச் செய்தார்கள். அவற்றுள் 'டெமாய்செல்' மிகச் சிறியது என்பதால், எடை குறைந்தவரான ஜோன் ஹியூஸ் என்ற பெண் விமானி அதை ஓட்டினார். விழுந்துவிடுமோ என்ற அச்சம் உண்மையாக இருப்பதால் சிரிப்பும் உண்மையாக வருகிறது. அந்த உண்மை இல்லாததால்தான் 'ரோட் டு சிங்கப்பூர்' (1940) என்னைக் கவரவில்லை. அதில் வருவது கலிஃபோர்னியாவில் சமைத்த கீழைநாடு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய இடத்தில்) படுத்தெழுந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த ஊரில் வியர்வையே இல்லை என்று தோன்றுகிறது.

'தி கோல்ட் ரஷ்' படத்தை 1942-இல் சாப்ளின் தம் குரலில் விவரணை சேர்த்துச் சுருக்கி மறுபடியும் வெளியிட்டார். நீங்கள் 1925-ஆம் ஆண்டின் மூலப் பிரதியையே தேடிப் பாருங்கள். 'தி நேவிகேட்டர்' ஒரு மணி நேரம்தான். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை அவர்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டால் போதும்.